பெற்றோல் ஜீப்புக்கு டீசல் எஞ்சின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி பழைய பெற்றோல் லாண்ட் ரோவர், ஜீப் வகைகளுக்கு டீசல் எஞ்சின் ஏற்றுவது பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்குப் பதில் தருகிறோம். எஞ்சின் ஓடினால் வேலை முடிந்தது என்று கராச்சில் சொல்லக்கூடும். குளிரூட்டல், பிறேக், மின்சாரம், எரிபொருள் வழி, பதிவு ஆகிய ஐந்தும் அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும். கடிதங்களில் உள்ள முறைப்பாடுகள் அநேகமாக எல்லாமே இந்த ஐந்தில் ஒன்றைப் பற்றியவைதான்.

கேள்வி (கொடிகாமம்): ஐயா, எங்களிடம் 109 அங்குல சீரிஸ் 3 பெற்றோல் லாண்ட் ரோவர் இருக்கிறது. தென்னந்தோட்டத்துக்கும் இடைக்கிடை கடற்கரை மணலுக்கும் போகும். ஒருவர் ஃபோர்க் லிஃப்டில் கழற்றிய இசுசு சி-240 எஞ்சினைத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவரிடம் லாண்ட் ரோவர் டிஸ்கவரியில் இருந்த 200 ரி.டி.ஐ. டீசல் எஞ்சின் இருக்கிறது. சி-240 பாதி விலைதான். எதை எடுக்கலாம்?

பதில்: வாகனம் றோட்டில் இறங்கும்வரை ஆகும் செலவு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் 200 ரி.டி.ஐ.தான் லாபம். உங்கள் வாகனத்தின் 2286 சிசி எஞ்சினும் 2495 சிசி 200 ரி.டி.ஐ.யும் ஒரே குடும்பம். பழைய கியர் பொக்ஸின் பெல் ஹவுசிங் (கிளச்சை மூடும் கூடு) முகத்துக்கு அது, எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் அடப்டர் தட்டு இல்லாமலே பொருந்தும். சில ஸ்ரட்டுகளை மாத்திரம் இடம் மாற்றவோ புதிதாகத் துளைக்கவோ வேண்டியிருக்கும். 300 ரி.டி.ஐ.யும் இதே போலத்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. அதற்கு மவுண்டிலும் பிளைவீல் ஹவுசிங்கிலும் கூடுதல் வேலை இருக்கிறது.

டிஸ்கவரியில் இருந்து வரும் எஞ்சினில் ஒரு சிக்கலை முதலே தெரிந்துகொள்ளுங்கள். அதன் டேர்போ தாழ்வாக இருக்கும், சீரிஸ் வாகனத்தின் சாசி றெயிலிலும் மவுண்டிலும் முட்டும். சாசியை வெட்டி இடம் எடுக்க யாரையும் விடாதீர்கள். டேர்போ மேலே நிற்கும் டிஃபெண்டர் 200 ரி.டி.ஐ. மனிஃபோல்ட்டைத் தேடி மாற்றுவது ஒரு வழி. டேர்போவையே கழற்றி, டேர்போ இல்லாத 2.5 டீசலின் மனிஃபோல்ட்டைப் போட்டு, பம்பில் எரிபொருள் அளவைக் குறைப்பது இன்னொரு வழி. வலு குறையும், ஆனாலும் தோட்ட வேலைக்கு அது தாராளம். பழைய பெற்றோல் எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ 165 நியூற்றன் மீற்றர். டேர்போவுடன் ரி.டி.ஐ. தருவது 265. சீரிஸ் கியர் பொக்ஸ் அந்த 265க்காகச் செய்யப்பட்டதல்ல. டேர்போவை வைத்திருப்பவர் முதலாம், இரண்டாம் கியரில் காலை அமுக்கி மிதித்தால் கியர்ப் பற்கள் போகும், இல்லாவிட்டால் பின் அரை அச்சு முறியும்.

சி-240 கெட்ட எஞ்சின் அல்ல. 2369 சிசி, நீடித்து உழைக்கும், திருத்தவும் சுலபம். ஆனால் ஃபோர்க் லிஃப்டில் இருந்தது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2500 சுற்றோடு கவர்னரால் (சுற்றை எல்லைக்குள் வைக்கும் பகுதி) கட்டுப்படுத்தப்பட்டது. வாகனத்தில் இருந்த சி-240க்கும் இதற்கும் சம்ப், பிளைவீல், மவுண்ட் எல்லாம் வேறுபடலாம். கவர்னரை இழுத்து மேலே ஏற்றலாம் என்பார்கள். பம்பை மேசையில் வைத்து அளக்காமல் அதைச் செய்யக்கூடாது.

சி-240க்கு எல்லாவற்றையும் விட முக்கியம் அடப்டர் தட்டு. கடைச்சல் பட்டறையில் 20 மி.மீ. இரும்பிலோ அலுமினியத்திலோ கடையலாம். ஆனால் கிராங்கின் மையமும் கியர் பொக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பிளைவீலில் டயல் கேஜைப் பூட்டி, கிராங்கைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றி, பெல் ஹவுசிங்கின் உள்விளிம்பை அளவுங்கள். முள் மொத்தமாக 0.25 மி.மீ.க்கு மேல் அசைந்தால் தட்டை மறுபடி இருத்தி, டவல் பின் (தட்டை அசையாமல் பிடிக்கும் ஆணி) அடிக்க வேண்டும். போல்ட் துளைகளை மாத்திரம் நம்பிப் பூட்டிய தட்டு, ஓடிக் கொஞ்ச நாளில் பைலட் பெயாரிங்கை (கிராங்கின் பின்நுனியில் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பெயாரிங் அல்லது புஷ்) தின்னும், பிறகு கிளச் பிளேட்டின் நடுப்பகுதி வெடிக்கும், கியர் தானாகக் கழன்று வரும். மூன்றுமே கியர் பொக்ஸ் பழுது மாதிரித் தெரிவதால், கியர் பொக்ஸைப் பிரித்துக் காசு செலவழித்துவிட்டுப் பிறகுதான் தட்டைப் பார்ப்பார்கள். ஷாஃப்டின் நுனி பைலட் புஷ்ஷுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் அளந்து பாருங்கள். தட்டின் தடிப்பு அந்த நீளத்தைக் குறைத்துவிடும். புஷ் தளர்வாக இருந்தால் வெண்கலத்தில் புதிதாகக் கடைவது பெரிய செலவல்ல.

எதை வாங்கினாலும் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். புளொக்கைக் கையால் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். விற்பவர் முதலே ஓடவிட்டுச் சூடாக்கிய எஞ்சின் பலவீனத்தைக் காட்டாது. ஒயில் மூடியைத் திறந்து ஓடவிடுங்கள். மெல்லிய மூச்சு இருக்கலாம், விட்டு விட்டுப் புகை அடித்தால் றிங் தேய்ந்திருக்கிறது. கொம்பிறஷன் 400 பி.எஸ்.ஐ. அளவில் வந்தால் நல்லது. 300க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ பிரித்து வேலை செய்யும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பிளைவீல், ஹவுசிங், ஸ்ராட்டர், ஓல்டனேற்றர், வக்கூம் பம், மவுண்டுகள், எயார் கிளீனர், வயர் பிளக்குகள் எல்லாம் எஞ்சினோடு வர வேண்டும். வயரைப் பிளக்கின் கழுத்தோடு வெட்டாமல் ஒரு முழம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். ரி.டி.ஐ. என்றால் டைமிங் பெல்ற், ரென்ஷனர் இரண்டையும் வாகனத்தில் ஏற்ற முதலே மாற்றிவிடுங்கள்.

சாசியைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்காற்றில் நின்ற சீரிஸ் சாசி வெளியில் பெயின்ற் அழகாக இருந்தாலும் உள்ளே உக்கியிருக்கும். மவுண்ட் வெல்ட் செய்யப் போகும் இடத்தையும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு முழத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ஓசை மந்தமாக வந்தால் அங்கே மவுண்ட் வேண்டாம், முதலில் சாசி வேலை.

கேள்வி (வல்வெட்டித்துறை): 88 அங்குல லாண்ட் ரோவருக்கு டொயோட்டா 2எல் ஏற்றியிருக்கிறோம். ரயர் 7.50-16. ஏ-9இல் 65ஐத் தாண்டினால் எஞ்சின் அலறுகிறது. எஞ்சினில் பிழையா?

பதில்: எஞ்சின் சரி, கியர் விகிதம்தான் பொருந்தவில்லை. சீரிஸின் டிஃப் (அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல்) விகிதம் 4.7, முன் பின் அச்சுகளுக்கு வலுவைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் ஹை கியர் 1.148. இரண்டையும் பெருக்கினால் 5.4. உங்கள் ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.4 மீற்றர் ஓடும். அப்படியானால் எஞ்சின் 2500 சுற்றில் நிற்கும்போது டொப் கியரில் வேகம் 66 கி.மீ. தான். பெற்றோல் எஞ்சின் அதற்கு மேலும் இலகுவாகச் சுற்றும். டீசலுக்கு அது வசதியான எல்லை.

பழைய றேஞ்ச் ரோவர், டிஸ்கவரி வகைகளின் 3.54 டிஃப்பைப் போட்டால் அதே 2500 சுற்றில் 88 கி.மீ. கிடைக்கும். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நான்கு சில்லையும் இணைத்தால், முதற் தடவையிலேயே ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் இறுகும். 88க்கு இது சுலபம். 109இன் பின் அச்சு சாலிஸ்பரி வகை என்றால் இந்த டிஃப் அதற்குள் போகாது. அவர்களுக்கு ஓவர்டிறைவ் (மேலதிகமாகப் பூட்டும் வேகக் கியர்)தான் வழி. ஃபெயரி ஓவர்டிறைவ் வேகத்தை 28 வீதம் கூட்டும்.

ஆனால் 2எல்லில் டேர்போ இல்லை. 3.54 போட்டால் முதலாம் கியரும் அதே அளவுக்கு நீளும். மணற்காட்டு மணலில், ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் குறைந்த வேகக் கியரான லோ றேஞ்சில்கூட அந்தக் குறை தெரியும். மாதம் முழுக்க மணலில் ஓடுகிறவர் 4.7ஐயே வைத்துக்கொண்டு, ஏ-9இல் 65இல் போவதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி (பருத்தித்துறை): நிசான் ரி.டி.27 ஏற்றிய ஜீப். தெருவில் சூடு ஏறாது, மணலில் பத்து நிமிடத்தில் முள் சிவப்புக்குப் போகிறது. தேர்மோஸ்டாற்றைக் கழற்றியும் பார்த்துவிட்டோம், கூடுதலாகத்தான் சூடாகிறது. றேடியேற்றர் சின்னது என்று சொல்லினம்.

பதில்: தேர்மோஸ்டாற்றை முதலில் திருப்பிப் போடுங்கள். பல ஜப்பான் டீசல் எஞ்சின்களில் தேர்மோஸ்டாற்றின் அடித்தட்டு, எஞ்சின் சூடானதும் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். கூடுதலாகச் சூடாவது அதனால்தான். 82 பாகையில் திறப்பது போதும்.

தெருவில் வாகனத்தின் ஓட்டமே காற்றைத் தள்ளிவிடுகிறது. மணலில் லோ றேஞ்சில் 10 கி.மீ. வேகத்தில் முழு வலுவோடு போகும்போது விசிறி ஒன்றுதான் துணை. அதனால் விசிறியைச் சுற்றிக் கூண்டு இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் மாற்றும்போது முதலில் காணாமல் போவது அதுதான். விசிறி இதழின் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியேயும் நிற்க வேண்டும், நுனிக்கும் கூண்டுக்கும் இடையில் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி. கூண்டு இல்லாத விசிறி, சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும். மின் விசிறி பூட்டியவர்கள் சுற்றும் திசையை ஒரு கடதாசித் துண்டால் சோதியுங்கள். றேடியேற்றருக்கு முன்னால் பூட்டிய விசிறி காற்றை எஞ்சின் பக்கம் தள்ளவேண்டும்.

அடுத்தது தண்ணீர். இது எங்கள் குடாநாட்டுக்கே உரிய தொல்லை. சுண்ணக் கற்பாறையில் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படை கட்டுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். றேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் சிலிண்டர் சுவரிலும் அதே படைதான் கட்டுகிறது. புதிதாகப் போட்ட எஞ்சின் நன்றாக இருந்தாலும் பழைய றேடியேற்றரில் பாதிக் குழாய் அடைபட்டிருக்கும். வெளியில் நல்லாகத் தெரிவதால் சின்னது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது றேடியேற்றரின் முகத்தைப் பின்பக்கத்தால் தடவிப் பாருங்கள் (எஞ்சினை நிற்பாட்டிவிட்டு!). ஓரிடம் சுட்டு, ஓரிடம் குளிர்ந்து இருந்தால் அங்கே அடைப்பு. 10 லீற்றருக்கு அரைக் கிலோ சிற்றிக் அமிலம் கரைத்து, அரை மணிநேரம் மெதுவாக ஓடவிட்டு, ஆறிய பிறகு இறக்கி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். கழுவியும் சூடு குறையாவிட்டால் றேடியேற்றரைப் பிரித்துக் கம்பி ஓட்டி எடுக்க வேண்டும். அதன்பிறகு கூலன்ற்றும் பற்றறித் தண்ணீரும் பாதிக்குப் பாதி. பற்றறித் தண்ணீர் கிடைக்காவிட்டால் வடிகட்டிய மழைத்தண்ணீர் கிணற்றுத் தண்ணீரை விட எத்தனையோ மடங்கு நல்லது.

முள்ளையும் சந்தேகியுங்கள். ஜீப்பின் பழைய மீற்றரை நிசானின் சென்சரோடு இணைத்திருந்தால் அது காட்டும் அளவுக்கு அர்த்தமே இல்லை. மீற்றரும் சென்சரும் ஒரே சோடியாக இருக்க வேண்டும். கடைசியாக, மணலில் இறங்கமுதல் ரயர்க் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்குக் குறையுங்கள். எஞ்சினுக்கு அதுவே பெரிய ஆறுதல். தெருவுக்கு ஏறியதும் மறக்காமல் திரும்ப அடியுங்கள்.

கேள்வி (நல்லூர்): டீசல் மாற்றிய பிறகு பிறேக் கல்லு மாதிரி. மாஸ்ரர் சிலிண்டர் மாற்றியும் மாற்றமில்லை.

பதில்: பெற்றோல் எஞ்சினில், பிறேக்கை இலகுவாக்கும் பூஸ்டருக்குத் தேவையான வக்கூம் இன்டேக்கில் இருந்து வந்தது. டீசலில் அங்கே வக்கூம் இல்லை. தனி வக்கூம் பம் வேண்டும். அது சில எஞ்சின்களில் ஓல்டனேற்றரின் பின்னால் இருக்கும், ரி.டி.ஐ.யில் புளொக்கின் பக்கத்தில். எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து தரம் மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் ஸ்ராட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டரும் பம்பும் வேலை செய்கின்றன. இறங்காவிட்டால் ஹோஸில் வக்கூம் மீற்றரைப் பூட்டுங்கள். 24 அங்குல (பாதரச) அளவுக்குக் குறையக்கூடாது. ஹோஸ் உள்நூல் உள்ள வக்கூம் ஹோஸாக இருக்க வேண்டும். சாதாரண ஹோஸ் சூட்டில் உள்ளே சப்பிப் போகும்.

ஓல்டனேற்றர்ப் பம்பில் எஞ்சின் ஒயில் போகும் குழாயும் திரும்பும் குழாயும் உண்டு. திரும்பும் குழாய் மடங்காமல் சரிவாகச் சம்புக்கு இறங்க வேண்டும். அது மேலேறி இறங்கினால் பம்புக்குள் ஒயில் நிரம்பிப் பழுதாகும். மாஸ்ரர் சிலிண்டருக்குச் செலவழித்த காசு வீண், ஆனால் பிறேக் சரிவரும்வரை வாகனத்தைத் தெருவில் எடுக்கவேண்டாம்.

கேள்வி (பூநகரி): எங்கள் ஜீப் 12 வோல்ற், வாங்கிய எஞ்சின் 24. இரண்டு பற்றறி பூட்டி, லைற்றுக்கு ஒரு பற்றறியில் இருந்து 12 எடுத்தால் போதாதா?

பதில்: எடுக்கவேண்டாம். அந்த ஒரு பற்றறி எப்போதும் குறைவாகவும் மற்றது மிதமிஞ்சியும் சார்ஜ் ஆகி, சில மாதங்களில் இரண்டுமே சாகும். 24இலிருந்து 12க்கு இறக்கும் கொன்வேட்டர் வையுங்கள். அல்லது அதே எஞ்சினின் 12 வோல்ற் ஸ்ராட்டர், ஓல்டனேற்றர், குளோ பிளக் (ஸ்ராட் பண்ண முதல் எரி அறையைச் சூடாக்குவது), நிறுத்தும் சோலனொயிட் நான்கையும் தேடி மாற்றுங்கள். ஒன்றை விட்டாலும் தகராறுதான். 24 வோல்ற் குளோ பிளக் 12இல் சூடாகவே மாட்டாது. எங்கள் வெயிலுக்குக் குளோ தேவையில்லை என்பது 200 ரி.டி.ஐ., இசுசு 4ஜே.பி.1 போன்ற நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களுக்கு ஓரளவு சரி. 2எல், ரி.டி.27, சி-240 மூன்றுக்கும் இங்கேயும் வேண்டும்.

12 வோல்ற் டீசல் ஸ்ராட்டருக்கு, பற்றறி இருக்கைக்கு அடியில் இருந்தால், 50 சதுர மி.மீ. கேபிள் போடுங்கள். எஞ்சினுக்கும் சாசிக்கும் இடையில் அதே தடிப்பில் ஏர்த் பட்டி கட்டாயம். எஞ்சின் றப்பர் மவுண்டில் நிற்கிறது. பட்டி இல்லாவிட்டால் ஸ்ராட்டரின் மின்சாரம் அக்சிலறேற்றர்க் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் கருகி ஒட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி (வட்டுக்கோட்டை): இரவு நின்றால் விடிய ஸ்ராட் வராது. பிறகு நாள் முழுக்கப் பிழையில்லை. பெற்றோல் எலெக்ரிக் பம் ஒன்றைப் பூட்டலாமா?

பதில்: எங்கோ காற்று இழுக்கிறது. டாங்கிக்கும் பம்புக்கும் இடையில் உள்ள வழி உறிஞ்சும் வழி. டீசலை வெளியே ஒழுகவிடாத சின்ன வெடிப்புக்கூடக் காற்றை உள்ளே விடும். இரவில் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடும். ஃபில்டருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் கண்ணாடி ஹோஸ் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் ஃபில்டரிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு மூட்டாகச் சோதியுங்கள். அதிகம் மாட்டுவது ஃபில்டரின் கைப்பம்பும், பழைய பெற்றோல் டாங்கிக்குள் இறங்கும் குழாயின் ஈயப் பற்றும். எலெக்ரிக் பம்பை டாங்கிக்கு அருகே பூட்டினால் ஸ்ராட் வரும், ஆனால் காற்று இழுத்த இடத்தால் டீசல் ஒழுகத் தொடங்கும். வெடிப்பைக் கண்டுபிடிப்பதே வேலை.

கல்வனைஸ் தகட்டில் புதிய டாங்கி அடித்தவர்களுக்கு: டீசல் நாகத்தைக் கரைத்துச் சவர்க்காரம் போன்ற படிவை உண்டாக்கும், அது ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். டாங்கி வெறும் இரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும். இன்ஜெக்டரில் திரும்பும் டீசலுக்கு டாங்கிவரை தனிக் குழாய் வேண்டும்.

மண்ணெண்ணெய் கலக்கலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவை பெரும்பாலும் பெற்றோல் எஞ்சின்கள். டீசலில் றோட்டரி பம்புக்கு எரிபொருள்தான் ஒயில். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கல் போதாது. பம் தேயும்.

கேள்வி (மருதங்கேணி): நிசான் எஸ்.டி.22 ஏற்றினோம். இன்டேக்கில் இருந்த பட்டர்ஃபிளை (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டு) டீசலுக்குத் தேவையில்லை என்று கராச்சில் கழற்றிவிட்டார்கள். ஸ்ராட் பண்ணியதும் சுற்று ஏறிக்கொண்டே போனது.

பதில்: அந்தப் பட்டர்ஃபிளைதான் உங்கள் எஞ்சினின் கவர்னர். அதிலிருந்து வரும் வக்கூம் மெல்லிய ஹோஸ் வழியாகப் பம்பின் பின்னால் உள்ள டயஃபிரத்தை இழுத்துச் சுற்றைக் கட்டுப்படுத்துகிறது. திரும்பப் பூட்டாமல் இன்னொருமுறை ஸ்ராட் பண்ணவே கூடாது. ஹோஸ் வெடித்தாலும் டயஃபிரம் கிழிந்தாலும் இதேதான் நடக்கும். சோதிக்க, எஞ்சின் நிற்கும்போது பம்பின் நிறுத்தும் நெம்பை அழுத்திப் பிடித்து, ஹோஸ் துளையை விரலால் மூடி, நெம்பை விடுங்கள். அது அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் டயஃபிரத்தை மாற்றுங்கள்.

சுற்று ஏறிவிட்டால் சாவியைத் திருகிப் பயனில்லை. டொப் கியரில் போட்டு, பிறேக்கை முழுதாக மிதித்து, கிளச்சை விடுங்கள். அல்லது எயார் கிளீனர் வாயைப் பலகைத் துண்டால் அடையுங்கள். கையாலோ துணியாலோ அடைக்கவேண்டாம். துணியை எஞ்சின் உள்ளே இழுத்துவிடும், கையையும் விடாது.

கேள்வி (சுன்னாகம்): சுசுகி எஸ்.ஜே.410க்கு டொயோட்டா 2சி டீசல் ஏற்ற விருப்பம்.

பதில்: வேண்டாம். 970 சிசி எஞ்சினுக்காகச் செய்த கியர் பொக்ஸ், முன் ஸ்பிறிங், ஸ்ரியறிங் எல்லாவற்றிலும் ஒரு வார்ப்பிரும்பு டீசலின் பாரம் விழும். அந்த வாகனம் மணலில் மிதந்து போவதே பாரமில்லாததால்தான். அந்தக் காசுக்குப் பெற்றோல் எஞ்சினையே நன்றாகத் திருத்தலாம்.

கேள்வி (ஊர்காவற்றுறை): சீ.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகம்) பெற்றோல் என்று இருக்கிறது. மாற்றாமல் ஓடினால் என்ன?

பதில்: எஞ்சின் இலக்கம், கொள்ளளவு, எரிபொருள் மூன்றும் பதிவில் உள்ளவை. மூன்றும் இப்போது பொய்யாகிவிட்டன. விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். விற்கப் போனாலும் தடைப்படும். எஞ்சினை வாங்க முதலே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து, தேவையான படிவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாகனம் லீசிங்கில் இருந்தால் அந்த நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். எஞ்சின் விற்பவரிடம் இலக்கம் குறித்த பற்றுச்சீட்டையும், இறக்குமதி எஞ்சின் என்றால் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையும் இனி டீசல் முறையில் நடக்கும். வாகனத்தை நிறுத்தி, கியரில் போடாமல் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, அக்சிலறேற்றரை முழுதாக மிதித்துப் புகையை அளப்பார்கள். கறுப்புப் புகை என்றால் எயார் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்பின் எரிபொருள் அளவு என்ற ஒழுங்கில் பாருங்கள். பழைய டைமிங் பெல்ற்றோடு அந்தச் சோதனைக்குப் போவது ஆபத்து, அறுவதென்றால் அந்த முழுச் சுற்றில்தான் அறும்.

எஞ்சினை இறக்கி வைக்க முதல் அதன் இலக்கத்தைக் கம்பித் தூரிகையால் துடைத்துப் படம் எடுத்து வையுங்கள். பூட்டிய பிறகு குழாய்களும் மவுண்டும் அந்த இடத்தை மறைத்துவிடும், பரிசோதகர் வந்து கேட்கும்போது காட்ட முடியாமல் போகும்.